ஆனைக்குட்டத்தில் ஒரு தெளிந்த தொட்டி

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் அவசர ஜாக்கெட்டும் கிடையாது. மதுரையில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு ஊர் சுற்ற இதைவிட்டால் வேறு மாதம் வாய்ப்பதில்லை. இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் கோயிலுக்கோ மலைக்கோ போகிற ஆள் இல்லை. தண்ணீர் பார்க்கப் போகிறவள். அணை, ஏரி, கண்மாய், எதுவானாலும் சரி. இந்த மார்கழியின் இரண்டாவது வியாழக்கிழமை ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்துக்குப் போய்வந்தேன்.

ஆனைக்குட்டத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் பண்ணை இருக்கிறது, உயிர் மீனைக் கைகாட்டினால் பிடித்துப் பொரித்துத் தருகிறார்கள், போய்ப் பார்த்து எழுதுங்கள் என்று வாசகர்கள் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். மீன் என்றால் எனக்கு உயிர். மார்கழியில் மீனா என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் பதிவைத் தை பிறந்த பிறகு படித்துக்கொள்ளலாம். பண்ணையின் பெயரையும் வழியையும் ஏன் எழுதவில்லை, பண்ணைக்காரர் பெயரை ஏன் மாற்றினேன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் நாளே காரியாபட்டியில் அக்கா வீட்டுக்கு வந்து தங்கிவிட்டேன். காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். சாலையில் பனி இடுப்பளவு நின்றது. எதிரே வந்த மாடுகளுக்குக் கால் இல்லை, முதுகும் கொம்பும்தான் வந்தன. விருதுநகர் போய்ச் சேர வண்டி மீட்டரில் இருபத்தெட்டு கிலோமீட்டர். பேர்போன எண்ணெய்ப் பரோட்டாவுக்குச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும் என்பதால் இட்லியோடு சமாதானம் செய்துகொண்டேன். இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு டீ சேர்த்து ஐம்பத்தைந்து ரூபாய். சட்னி சுமார்.

சிவகாசி சாலையில் திரும்பியதும் ஊர் மாறிவிடுகிறது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பட்டாசுக் கம்பெனிகளின் சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் பக்கத்து அறை தப்ப வேண்டும் என்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். பனிக்குள் அவை தனித்தனியே நின்றதைப் பார்த்தால், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடுகள் மாதிரி இருந்தது. வழி தவறிச் சுற்றிய இரண்டு கிலோமீட்டரையும் சேர்த்து, நீர்த்தேக்கத்தில் வண்டியை நிறுத்தியபோது மீட்டர் நாற்பத்தாறைக் காட்டியது.

நீர்த்தேக்கம் நன்றாக இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் கரை தொட்டுக் கிடந்தது. கொக்கும் நீர்க்காகமுமாக ஒரே கூட்டம். எங்கோ தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. நான்தான் துள்ளினேன், பறவைகள் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. கரையில் பைக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கம்பெனிகளில் புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள், நாளெல்லாம் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கும் என்றார். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த இடம் மட்டுமே போதும் என்பவர்கள் காலையிலேயே வந்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். நிழல் கிடையாது.

அங்கிருந்து மண் சாலையில் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பண்ணை. நான்கு பெரிய மண்குளங்கள், கூரைக் கொட்டகைக்குள் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், எல்லாவற்றின் மேலும் பச்சை வலை. உள்ளே நுழைந்ததும் ஏதோ குறைகிறது என்று மனதில் பட்டது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. சத்தமே இல்லை. நான்கு குளம் தண்ணீர் இருக்கிற இடத்தில் ஒரு தவளை கத்தவில்லை. ஒரு கொசு கடிக்கவில்லை. கரையோரம் ஒரு தும்பிகூட இல்லை. மூன்று கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அவ்வளவு பறவைகள், இங்கே வானம் வெறுமனே கிடந்தது. வலை கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பண்ணைக்காரர் வேலுச்சாமிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்தப் பக்கம் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடைசிவரை நீங்கள் மறக்காமல் இருக்க வேண்டும். வாசலில் ஒரு மரப்பெட்டியைக் காட்டிச் செருப்பையும் செல்போனையும் அங்கேயே வைக்கச் சொன்னார். மீன் பண்ணைக்கு எதற்கு இந்த ஏற்பாடு என்று கேட்டேன். தீப்பெட்டிக் குச்சிக்கும் வெடிக்குச் சுற்றும் காகிதத்துக்கும் சாயம் ஏற்றும் பட்டறையை முப்பது வருடம் நடத்தியவராம். பட்டாசு வட்டாரத்தில் பழகிய உடம்பு, செருப்பும் போனுமாக ஆள் உள்ளே வந்தால் இன்றைக்கும் நெஞ்சு திக்கென்கிறது என்றார். மீனுக்கான மருந்து வைத்திருக்கிற அறையில், தீப்பொறி வரும் என்று, இரும்புக் கரண்டிகூட இல்லை, எல்லாம் மரக்கரண்டிதான்.

அந்த அறையை நான் விலாவாரியாகப் பார்த்தேன். சுண்ணாம்பு மூட்டை, ப்ளீச்சிங் பவுடர், பெர்மாங்கனேட், மயில்துத்தம். பாசி படிந்தால் இது, மீனில் பேன் பற்றினால் அது, குளத்தைக் காயப்போட்டு நிரப்பும்போது இன்னொன்று என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். ஒரு டப்பாவில் மஞ்சள் பொடி இருந்தது. நமக்குக் காய்ச்சலுக்கு டாக்டர் எழுதுகிற மாத்திரையின் ஜாதிதான், தீவனத்தில் கலந்து கொடுப்பதாம். எந்த டாக்டர் எழுதிக்கொடுத்தார் என்று கேட்டேன். தீவனம் விற்க வருகிறவர் சொன்னாராம். நோய் வந்த பிறகா என்றதற்கு, வருமுன்னே கொடுத்துவிட்டால் வராதே என்றார். காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு யாராவது மாத்திரை கொடுப்பார்களா என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். அப்போது இரண்டு பேருக்கும் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மண்குளங்களில் கெண்டை வகைகளும் ஒன்றில் விராலும் இருந்தன. அண்ணாச்சி தீவனத்தை வீசியதும் தண்ணீரெங்கும் வாய்கள் மேலே வந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே போய்விட்டன. தண்ணீர் மூடிக்கொண்டது. என்ன ஆயிற்று என்று நான் வாயைத் திறப்பதற்குள், தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. மீன்கள் முதலில் மூழ்கின, சத்தம் பிறகுதான் வந்தது. எனக்குக் கை மயிர் நின்றது. அண்ணாச்சி சாதாரணமாக, மண்ணுக்குள் அதிர்வு முன்னால் வந்துவிடும், காதுக்குப் பிறகுதான் வரும், மீனுக்கு உடம்பெல்லாம் காது என்றார். காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விட வேண்டும் அல்லவா? போகவில்லை.

கொட்டகைக்குள் இருந்த தொட்டிகளை அவர் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார். மார்கழிப் பனிக்கு விரால் மீனுக்குத் தோலில் பூஞ்சை பிடிக்கும், சிவந்து புண்ணாகும். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் பட்டறைச் சாயம். குச்சிக்கும் காகிதத்துக்கும் ஏற்றிய அதே பச்சை. முதல் தொட்டியில் தண்ணீர் கரும்பச்சையாகக் கிடந்தது. அடுத்ததில் இளம்பச்சை. அதற்கடுத்ததில் பச்சை இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசித் தொட்டித் தண்ணீர் கண்ணாடி. அடியில் கையளவு தடிமனுள்ள விரால்கள் ஒரு கீறல் இல்லாமல், வரிசையாக, ஒரே பக்கம் பார்த்தபடி நின்றன.

“தண்ணி தெளியுற வரைக்கும் வச்சிருப்போம். தெளிஞ்சிருச்சுன்னா மருந்து போயிருச்சுன்னு அர்த்தம். அதுக்குப் பெறகுதான் ஆளுகளுக்குக் குடுக்கிறது” என்றார் அண்ணாச்சி.

இந்த மீனை அவர் விற்பதில்லை, சும்மா கொடுக்கிறார். ஆபரேஷன் ஆனவர்களுக்கு விரால் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று நம் பக்கமெல்லாம் சொல்வதுதான். பட்டாசு வட்டாரத்தில் அதைத் தீப்புண்ணுக்கும் கொடுக்கிறார்கள். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டாம், புண் உள்ள மீனைப் புண்ணாளிக்குக் கொடுக்கவே கூடாது, மீனின் புண்ணும் அவனோடு சேர்ந்துகொள்ளும் என்பது. அதனால் தீக்காயம் பட்டவர்களின் வீட்டுக்கென்றே தனியாக, மற்ற எந்த மீனையும்விடப் பச்சையில் அதிகம் முக்கி, தோலில் ஒரு புள்ளி இல்லாமல் இந்தத் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். ஐந்து வீடுகளுக்கு இப்போது கொடுத்துவருவதாகச் சொன்னார். பெருமையாகச் சொன்னார். எனக்கும் அவர்மேல் மரியாதை கூடியது.

நான் குனிந்து முதல் தொட்டித் தண்ணீரில் விரலை விட்டுவிட்டேன். சின்னப் பிள்ளைப் புத்தி. வெளியே எடுத்தால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிளிப்பச்சை. அந்த நேரம் இன்னொரு வெடி வெடித்தது. மண்குளங்களில் தண்ணீர் கலங்கியதைக் கொட்டகையிலிருந்தே பார்க்க முடிந்தது. தெளிந்த தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு மீனும் அசையவில்லை. செவுள் மட்டும் மெல்லத் திறந்து மூடியது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அதன்பிறகு எனக்கு அந்தக் கொட்டகையில் நிற்கப் பிடிக்கவில்லை.

குழாயடியில் துணி சோப்பு போட்டுத் தேய்த்ததும் விரல் வெளுத்துவிட்டது. சாயம் போகிற துணியோடு இருபது வருடமாக மாரடிக்கிறவள் நான். இவ்வளவு லேசாகப் போகிற சாயத்தை எந்தப் பட்டறையில் வாங்கினீர்கள் என்று அண்ணாச்சியைக் கிண்டல் செய்தேன்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. இருநூற்றைம்பது ரூபாய்க்குச் சோறு, குழம்பு, மண்குளத்துக் கெண்டை பொரித்தது இரண்டு துண்டு. சமையல்கார அம்மா எங்களுக்குப் பரிமாறுமுன் காக்காய்க்கு ஒரு பிடி சோற்றை மதில்மேல் வைத்தார். பக்கத்திலேயே முதல் நாள் வைத்த பிடியும் காய்ந்து கிடந்தது. காக்காயும் தொடவில்லை, எறும்பும் ஏறவில்லை. மதிலோரம் பூச்சிப் பொடி போட்டிருக்கிறோம், அதனால்தான் என்றார் அந்த அம்மா. அங்கே எதைக் கேட்டாலும் சரியான காரணம் ஒன்று இருந்தது.

அண்ணாச்சியும் எதிரே இலை போட்டு உட்கார்ந்தார். மீன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சாறு விரலில் வழிந்தது. விரல் பச்சையானது.

கண்ணுக்கு முன்னால், ஒரு துளி சாயம் இல்லாத இலையில், வெள்ளை விரல் மெதுவாகப் பச்சையானது. நகக்கண்ணில் தொடங்கி ரேகை ரேகையாகப் பரவியது. பழத்தைக் கீழே போட்டுவிட்டேன். அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பயந்துட்டீகளா? அது எங்கயும் போகாதும்மா. சோப்புக்கு ஒளிஞ்சுக்கிரும், எலுமிச்சைக்கு வெளிய வரும். பட்டறைக்குப் புது ஆளு வந்தா இத வச்சுத்தான் வெளையாடுவோம்” என்றார்.

நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. விரலையே பார்த்துக்கொண்டு, “அப்ப அந்தத் தொட்டியில தெளிஞ்ச பச்சை எங்க அண்ணாச்சி போச்சு?” என்று கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. தண்ணீரில் கரைந்து போயிருக்கும் என்றார். கொஞ்சம் பொறுத்து, வெயிலில் போயிருக்கும் என்றார். முப்பது வருடம் சாயத்தோடு கிடந்தவர். நிறம் மறைந்தாலும் சரக்கு மறையாது என்பது கைப்பழக்கத்தில் தெரிந்தவர். கைக்குத் தெரிந்ததைத் தொட்டிக்கு ஒருநாளும் பொருத்திப் பார்க்கவில்லை. நான் அதற்குமேல் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

மரப்பெட்டியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தேன். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். என்னோடு படித்த சுமதி மீன்வளம் படித்து அந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவள். அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைச் சாயம் என்றதுமே அவள் குரல் மாறிவிட்டது. சாப்பிடுகிற மீனுக்கு அந்தச் சாயத்தைப் போடவே கூடாது, அனுமதி கிடையாது என்றாள். மீன் உடம்புக்குள் போனதும் அது நிறமில்லாத இன்னொன்றாக மாறிக் கொழுப்பில் தங்கிவிடுமாம். தண்ணீர் தெளிந்து மாதங்கள் ஆனாலும் மீனுக்குள் இருக்குமாம். சமைத்தாலும் முழுக்கப் போகாதாம். நாள்பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகலாம் என்ற சந்தேகம் இருப்பதால்தான் தடை என்றாள். ஒருநாள் சாப்பிட்டவர்கள் அலற வேண்டாம், தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் உடனே நிறுத்த வேண்டும் என்றாள். மீன்மேல் எலுமிச்சை பிழிந்தால் தெரிந்துவிடுமா என்று கேட்டேன். தெரியாது, உள்ளே இருப்பது அதற்கெல்லாம் அகப்படாது, ஆய்வகத்தில்தான் தெரியும் என்றாள்.

தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். ஐந்து வீடுகள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மண் சாலையில் ஒரு பெண் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியோடு நடந்து வந்துகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது. வேற்றாள் என்று பார்க்காமல், “மீனு சாப்பிட வந்தீகளாக்கா? நல்லா இருக்கும்” என்று தானாகவே பேச்சுக் கொடுத்தார். அவர் வீட்டுக்காரர் கணேசனுக்குப் போன ஆவணியில் பட்டாசுக் கம்பெனித் தீயில் கழுத்தும் இரண்டு கையும் வெந்துபோனதாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாரம் இரண்டு தடவை அண்ணாச்சி கொடுக்கிற விரால்தான். இதைத் தின்ன பிறகுதான் தோல் கூடிவந்தது என்றார். பொங்கலுக்குச் சட்டை போட்டுவிடுவார் என்றும் சொன்னார். நான் பச்சை விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். இவரிடம் எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படி வண்டியை எடுப்பது?

நல்லவேளை, அல்லது கெட்டவேளை, சொல்கிற வேலையை அண்ணாச்சி எனக்கு விடவில்லை. சுமதி சொன்னதை முதலில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ இலையில் கிடந்த எலுமிச்சை மூடியை எடுத்துத் தன் உள்ளங்கையில் தேய்த்தார். ரேகையெல்லாம் பச்சையாக எழும்பி வந்தது. மணிக்கட்டு வரை வந்தது. அதைக் கழுவாமலே செல்வியிடம் போனார்.

“இதுவரைக்கும் குடுத்தது சரியில்ல தாயி. தெரியாமக் குடுத்துட்டேன். இந்தத் தொட்டி மீனு இனி வேண்டாம்.”

செல்வி முதலில் அவர் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புண் ஆறிக்கொண்டுதானே வருகிறது என்றார். சுமதி சொன்னதை முடிந்தவரை பதமாகச் சொன்னேன். ஆற்றியது மருந்துக் கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிட்டதும், பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொண்டதும்தான். முட்டையும் பருப்பும் போதும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இந்த மீன் விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றேன். செல்வி தலையை ஆட்டினார். வாளியை மட்டும் கீழே வைக்கவில்லை. வெறும் வாளியோடு போனால் வீட்டுக்காரருக்கு மனசு விட்டுப்போகும் என்றார்.

அண்ணாச்சி சாயம் படாத மண்குளத்தில் வலையை வீசினார். ஒரு விரால் வந்தது. வாலுக்குக் கொஞ்சம் மேலே ஒற்றை ரூபாய் அளவுக்குச் சிவந்த புண். மறுபடி வீசப் போனவரைச் செல்வி தடுத்தார். சாயம் தொடாத மீன் என்பதற்கு அந்தப் புண்ணைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? ஆனால் புண் மீனைப் புண்ணாளிக்குக் கொடுக்கக் கூடாதே என்று அண்ணாச்சியின் கை தயங்கியது. வீட்டுக்காரரே பார்த்துச் சொல்லட்டும் என்று செல்வி வாளியை நீட்டினார்.

செல்வியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். நான்கு கிலோமீட்டர். காலுக்கிடையில் வாளி. வழியெல்லாம் மீன் மூடியை முட்டிக்கொண்டே வந்தது. தெளிந்த தொட்டி மீன் இப்படித் துள்ளாது, வாளியில் இருப்பதே தெரியாது என்று செல்வி பின்னாலிருந்து சொன்னார்.

வீட்டுக்குள் ஈ மொய்க்காமலிருக்க வெள்ளைக் கொசுவலை கட்டி, அதற்குள் கட்டிலில் கணேசன் உட்கார்ந்திருந்தார். தாடையிலிருந்து தோள்வரை தோல் புதிதாக, மினுமினுவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் இன்னும் ஆறவில்லை. செல்வி எதையும் மறைக்கவில்லை. சாயம், அண்ணாச்சியின் கை, என் விரல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இது மண்குளத்து மீன், உடம்பில் புண் இருக்கிறது என்றார். இத்தனை மாதமாக எதை நம்பிக் கணேசன் ஒவ்வொரு கவளமாக விழுங்கினாரோ, அதை யாரோ ஒரு தையல்காரி வந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் கொசுவலையைத் தூக்கி வாளியைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

அப்போது மீன் வாளிக்குள் அடித்துத் துள்ளியது. அதே கணம் கணேசனின் தோள் தூக்கிப்போட்டது. இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தன. அதற்குப் பிறகுதான், எங்கோ வயலுக்கு அந்தப் பக்கம், வெடிச் சத்தம் எங்கள் காதுக்கு வந்தது.

செல்வியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கணேசன் வாளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இதுக்கும் தெரியுது. இத வெட்ட வேண்டாம் செல்வி” என்றார்.

மீனைத் துணி துவைக்கிற சிமெண்டுத் தொட்டியில் விட்டோம். செல்வி அதில் ஒரு கை கல்லுப்பைப் போட்டார். இரவுக்கு முட்டைக் குழம்பு. நான் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது மணி நாலரை. விருதுநகரில் பரோட்டாக் கடையைத் தாண்டித்தான் வந்தேன், நிறுத்தத் தோன்றவில்லை. காரியாபட்டிக்கு இருட்டுமுன் சேர்ந்துவிட்டேன். மொத்தம் நூற்றுநான்கு கிலோமீட்டர், பெட்ரோல் இருநூற்றைம்பது ரூபாய்க்குள் அடங்கியது.

இனிப் போகிறவர்களுக்கு. நீர்த்தேக்கத்துக்குத் தாராளமாகப் போங்கள், மார்கழி தையில் தண்ணீர் இருக்கும். உணவும் குடிதண்ணீரும் கையில் கொண்டுபோங்கள். பட்டாசுக் கம்பெனிகளின் பக்கம் படம் எடுக்கிறேன் என்று போய் நிற்காதீர்கள். எந்த மீன் பண்ணைக்குப் போனாலும் நோய்க்கு என்ன போடுகிறீர்கள், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் பலரும் சொல்லிவிடுகிறார்கள். மறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பச்சையாகவோ நீலமாகவோ சாயம் கலந்த தொட்டியைப் பார்த்தால் அந்த மீன் வேண்டாம். வீட்டில் எலுமிச்சை பிழிந்து சோதிக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், விரலைத்தான் அது காட்டிக்கொடுக்கும், மீனைக் காட்டிக்கொடுக்காது. எல்லாப் பண்ணையும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை.

அண்ணாச்சி அன்று மாலையே மற்ற நான்கு வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டார். இரண்டு வீடுகளில் திட்டு வாங்கினாராம், ஒரு வீட்டில் நம்பவில்லையாம். அந்த வீட்டுக்கு மறுபடியும் போகப்போவதாகச் சொன்னார். பச்சைத் தொட்டிகளின் தண்ணீரை ஓடையில் திறந்துவிட்டால் நீர்த்தேக்கத்துக்கே போய்விடும் என்று பயந்து, சூலக்கரையில் இருக்கிற அதிகாரிகளிடம் போய் விசாரித்திருக்கிறார். அவர்கள் வந்து தண்ணீரும் மீனும் மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்களாம். முடிவு வரும்வரை தொட்டிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கிறார். போன வாரம் தூக்கிப் பார்த்தபோது முதல் தொட்டியும் தெளிந்துவிட்டது, அடி வரை தெரிகிறது என்று போனில் சொன்னார். முன்பெல்லாம் தெளிந்தால் சந்தோஷமாக இருக்கும், இப்போது அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை என்றார்.

செல்வியும் பேசினார். மீனின் புண்ணைச் சுற்றிப் புதுத் தோல் மூடிவிட்டதாம். கணேசனுக்குக் கழுத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி. காலையில் எழுந்ததும் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, நீ முந்திக்கிட்டியா என்று அதனிடம் கேட்கிறாராம். வெடிச் சத்தம் கேட்கும் ஊரில், சத்தத்துக்கு முன்னால் பயப்படுகிற இரண்டு பேர் அந்த வீட்டில் இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் துணை.